பழைய சவரக்கத்தியைப் பளபளப்பாக்கும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

காயலான் கடையிலும், இடிக்கப்போகிற வீட்டுப் பரணிலும், தாத்தாவின் தகரப்பெட்டியிலும் மடக்குச் சவரக்கத்திகளைத் தேடியெடுக்கிறீர்கள். துருவை நீக்கி, கூர் தீட்டி, அதைக்கொண்டே முகம் மழிக்கவும் துணிகிறீர்கள். உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன்தான். இருபது வருஷமாக இந்தக் கத்திகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் என் முகத்துக்குப் போவது என்னைவிட நூறு வயது மூத்த ஒரு கத்தி. அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். கேட்பதற்குமுன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். கைக்குட்டையில் சுற்றிய கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார். முகத்தில் அத்தனை சந்தோஷம். "எப்படி இருக்குண்ணே?" என்றார். அலகை விரித்தேன். கண்ணாடி தோற்றுவிடும் பளபளப்பு. என் மீசை நரை வரைக்கும் தெரிந்தது. திருப்பி, அலகும் வாலும் சேருகிற கழுத்துப் பக்கம் பார்த்தேன். அங்கேதான் செய்தவர் பெயரும் ஊரும் முத்திரையும் இருக்கும். இரண்டு எழுத்தின் நிழல் மட்டும் மிச்சமிருந்தது. முதுகு ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தது. நுனியில் அரை அங்குல நீளத்துக்கு மயில்கழுத்து நீலம். பட்டறையில் கொடுத்து மோட்டார் சக்கரத்தில் பஃப் அடித்திருக்கிறார்.

அவருக்குத் தெரியவில்லை. சொன்னதும் முகம் வாடிப்போயிற்று. அவரை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? நான் கைவைத்த முதல் கத்தி என் தாத்தாவுடையது. அதே சக்கரம், அதே நீலம். இன்னும் அது என் அலமாரியில் கிடக்கிறது. பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரு மயிரைக்கூட வெட்டாது.

அந்த நீலம் என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். சவரக்கத்தி எஃகில் கரி கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் சற்று மேலே. அதைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் கண்ணாடிபோல் கடினமாகும், கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் வைத்து, உடையாமலும் வளையாமலும் நிற்கிற நிலைக்குக் கொண்டுவருவார்கள். நம் கொல்லர்கள் இதற்குப் பதம் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். சூடு ஏற ஏற எஃகின் மேல் நிறம் மாறிக்கொண்டே போகும். 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, 300 டிகிரிக்குக் கிட்டத்தில் நீலம். நீலம் தெரிந்ததென்றால் சவரக்கத்திக்கு வேண்டிய கடினம் போய்விட்டது என்று பொருள். கூர்ப்பக்கம் காகிதம்போல் மெல்லியது; சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே உலோகமே கிடையாது. சக்கரத்தில் இரண்டு நொடி அழுத்தினால் போதும். அந்த இடம் அதன்பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் நிற்காது. பதம் போன கத்திக்கு மறுபடி பதம் ஏற்றலாமே என்பீர்கள். அவ்வளவு மெல்லிய அலகு உலையில் முறுக்கிக்கொள்ளும். நான் கொடுத்துப் பார்த்த ஒன்றும் நேராகத் திரும்பி வரவில்லை.

நீங்கள் கையில் வைத்திருப்பது என்ன என்று தெரிந்தால் சக்கரத்தின் பக்கமே போகமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதனால் கொஞ்சம் சுற்றிவளைத்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் கிடைக்கிற பழைய கத்திகளில் நிறைய இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தவை. ஜெர்மனியின் ஜோலிங்கன் கத்திகளும் உண்டு. ஷெஃபீல்டு கத்திகளில் 'காஸ்ட் ஸ்டீல்' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒரு தம்பி அதை ஒதுக்கிவிட்டதாகச் சொன்னார், எனக்கு நெஞ்சு பதறிப்போயிற்று. அது மூசையில் உருக்கிய எஃகு. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகாரச் சுருள்வில்லுக்கு ஒரே சீரான எஃகு கிடைக்காமல் தவித்து, களிமண் மூசைக்குள் எஃகை முழுதாக உருக்கி வார்க்கிற வழியைக் கண்டுபிடித்தார். ஷெஃபீல்டுக் கத்திக்காரர்கள் முதலில் அதை வாங்க மறுத்தார்கள். ரொம்பக் கடினம், வேலை வாங்க முடியாது என்றார்கள். அவர் பிரான்சுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்திகள் நன்றாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் உள்ளூர்க்காரர்களுக்குப் புத்தி வந்தது. அடுத்த நூறு வருஷத்துக்கு மேல் உலகத்தின் முகங்களை மழித்ததில் பெரும்பங்கு அந்த மூசை எஃகுக்குத்தான்.

மூசையில் எஃகு உருக்குவது நம் மண்ணுக்குப் புதிதில்லை. சேலம், திருச்சி, மைசூர் வட்டாரங்களில் கையகல மூசைகளில் இரும்பையும் கரியையும் அடைத்துக் காய்ச்சி எடுத்த கட்டிகளைத்தான் ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். கன்னட உக்கு, நம் உருக்கு இவற்றோடு சேர்த்துப் பார்க்கப்படும் சொல் அது. லண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர் இந்த இந்திய எஃகின்மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தவர். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதன் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்க எஃகில் ஒவ்வொரு உலோகமாகக் கலந்து பார்த்தார்கள். ஆம், மின்சாரத்துக்குப் பேர்போன அதே ஃபாரடே. அப்பா கொல்லர். எஃகில் ஐந்நூற்றில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் நல்ல கத்தி எஃகு கிடைக்கிறது என்று 1822-இல் எழுதினார்கள். தாம் கண்ட கலப்பு எஃகில் சவரக்கத்தி செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளிப்பது ஃபாரடேயின் வழக்கமாக இருந்தது. 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்த கத்தி கிடைத்தால் அந்தப் பெயர் இந்தக் கதையிலிருந்து வந்தது. அந்த அலகில் உண்மையிலேயே வெள்ளி இருக்கிறதா என்பது வேறு விஷயம். பெயர் நன்றாக விற்றது.

இன்னொன்றும் உண்டு. கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டை. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்கிற கம்பெனி அதிகாரி, வேலையை விட்டுவிட்டு, சேலம் பக்கத்து இரும்புக்கல்லை வைத்து அங்கே இரும்பாலை தொடங்கினார். அங்கே காய்ச்சிய இரும்பு கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போயிற்று. பிறகு அவரே இங்கிலாந்துக்குத் திரும்பி, மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கிற முறைக்கு 1839-இல் காப்புரிமை வாங்கினார். அதனால் விலை குறைந்த இரும்பிலிருந்தும் நல்ல கத்தி எஃகு செய்ய முடிந்தது. ஷெஃபீல்டு ஆலைகள் அவர் முறையைக் கொஞ்சம் மாற்றிக் கையாண்டு பணம் கொடுக்காமல் தப்பித்துக்கொண்டன. ஹீத்தின் கடைசிக் காலம் வழக்குகளிலேயே கழிந்தது. விக்டோரியா காலத்து ஷெஃபீல்டுக் கத்தி ஒன்றைக் கையிலெடுக்கும்போதெல்லாம் எனக்குப் பரங்கிப்பேட்டைக் கடற்கரை நினைவுக்கு வரும்.

எஃகைவிட எனக்கு மனத்தில் தைக்கிறது அதைச் சாணை பிடித்தவர்களின் கதை. ஷெஃபீல்டில் சாணைக்காரர் பெரிய மணற்கல் சக்கரத்தின் பின்னால், குதிரைமேல் உட்காருவதுபோல் மரப்பலகையில் கால்பரப்பி உட்கார்ந்து, குனிந்தபடி அலகை அழுத்துவார். கல்தூள் நேரே மூக்கிலும் வாயிலும் போகும். 1830-லேயே ஆர்னால்டு நைட் என்ற மருத்துவர் இந்தச் 'சாணைக்காரர் ஆஸ்துமா'வைப் பற்றி எழுதினார். முள்கரண்டி தீட்டியவர்கள் உலர்ந்த கல்லில் வேலை செய்தார்கள். அவர்கள்தான் சீக்கிரம் செத்தார்கள். சவரக்கத்திக்காரர்கள் பாதி ஈரக்கல்லில், பாதி உலர்கல்லில். நுரையீரலில் கல் படிந்து இளவயதில் போனவர்கள் எத்தனையோ பேர். உங்கள் கத்தியின் அலகில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். ஒரு மனிதர் குனிந்து உட்கார்ந்து போட்ட கோடுகள் அவை. மோட்டார் சக்கரம் முதலில் அழிப்பது அவற்றைத்தான்.

அதனால்தான் கேட்கிறேன்: மோட்டார் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். கத்தியைச் சவரத்துக்குத் தயார்செய்யுங்கள், புதிதாக்க வேண்டாம்.

இனி நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

கத்தி கைக்கு வந்ததும் எதையும் தேய்க்காமல் ஒரு நாள் பாருங்கள். கழுத்தில் உள்ள எழுத்தை வாசியுங்கள். மகுடத்தின் இருபுறம் 'வி.ஆர்.' என்றிருந்தால் 1837-க்கும் 1901-க்கும் இடைப்பட்ட விக்டோரியா காலம். 'டபிள்யூ.ஆர்.' என்றிருந்தால் நான்காம் வில்லியம், 1830 முதல் 1837 வரை ஏழே வருஷம். 'ஜி.ஆர்.' என்றிருந்து, அலகும் தடித்த ஆப்புபோல் இருந்தால் பெரும்பாலும் அதற்கும் முந்தியது, பத்திரமாக வையுங்கள். நாட்டின் பெயர் தனியாகப் பொறித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதன் விளைவு அது. 'ஐ' என்ற எழுத்தும் ஒரு நட்சத்திரமும் 'எக்ஸ்எல்' என்பதும் சேர்ந்திருந்தால் ஜார்ஜ் வாஸ்டன்ஹோம். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் என்றால் ஜோசப் ராட்ஜர்ஸ். எழுத்து போனால் இந்த வாசிப்பு எதுவும் சாத்தியமில்லை. அதன்பிறகு அது வெறும் இரும்புத் துண்டு.

அடுத்தது வெடிப்பு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அலகைக் கூர்ப்பக்கம் தொடாமல் நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். நல்ல அலகு கணீரென்று நீண்டு ஒலிக்கும். மண்பானை விரிசல் விட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி மொட்டையாகக் கேட்டால் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். கூரிலிருந்து உள்நோக்கி மயிரிழை வெடிப்பு ஓடினால் அந்தக் கத்தியைச் சவரத்துக்கு நினைக்கவே கூடாது, அது எத்தனை அபூர்வமானதாக இருந்தாலும் சரி. பிறகு துருக்குழிகள். அலகின் நடுவிலோ முதுகிலோ இருந்தால் கவலையில்லை, விட்டுவிடுங்கள். கூரை ஒட்டியிருந்தால்தான் தொல்லை. தீட்டத் தீட்டக் குழி விளிம்புக்கு வந்து பல்லாக நிற்கும்.

துருவை எடுக்கப் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்குக்குச் சரி. எஃகில் அமிலம் துருவோடு நிற்காமல் உலோகத்தையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். தையல் மிஷின் எண்ணெயைத் தடவி ஒரு இரவு ஊறவிடுங்கள். கூரின்மேல் மெல்லிய டேப் ஒட்டி, அலகைக் கட்டையில் படியவைத்து, 600 நம்பர் வாட்டர் பேப்பரில் எண்ணெய் தொட்டு, முதுகிலிருந்து கூரை நோக்கி மட்டுமே இழுங்கள். பிறகு 1000, வேண்டுமானால் 2000. செந்துரு போக வேண்டும். கருத்த கறை இருக்கலாம். உலோகம் தானே போர்த்திக்கொண்ட போர்வை அது, கத்திக்குக் கெடுதல் செய்யாது. அலகில் பொன்முலாம் பூசிய எழுத்தோ படமோ இருந்தால் பித்தளை பாலிஷைக் காட்டவே காட்டாதீர்கள், ஒரே துடைப்பில் போய்விடும். தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். ஷெஃபீல்டுக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடிகளைப் பற்றிச் சுருக்கமாக. கொம்பு என்றால் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், கோணிக்கொள்ளும். ஈரத்துணியில் துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். 1870-களுக்குப் பிறகு வந்த பல கைப்பிடிகள் செல்லுலாய்டு. அது வயதானால் வியர்க்கும், காரமான நெடி வரும், அந்த ஆவியே அலகை அரிக்கும். மடித்துவைத்த கத்தியில் கைப்பிடிக்குள் இருக்கும் பாகம் மட்டும் கருகியதுபோல் அரித்திருந்தால் அதுதான் காரணம். அப்படிப்பட்டதை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். தீப்பக்கமும் கொண்டுபோகாதீர்கள், பற்றிக்கொள்ளும். யானைத் தந்தக் கைப்பிடி நம் நாட்டில் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. ஆணியை அவசியமில்லாமல் கழற்றாதீர்கள். உப்புத்தாளை நாடாபோல் கிழித்து உள்ளே விட்டு இழுத்தாலே இடுக்குச் சுத்தமாகிவிடும்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சவரக்கத்தியின் அழகு அதன் முதுகில் இருக்கிறது. சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் கை பிடிக்க வேண்டும். சவரக்கத்தியில் கோணத்தைக் கத்தியே பிடித்துக்கொள்ளும். முதுகும் கூரும் இரண்டும் ஒருசேரக் கல்லில் படிய வைத்தால் போதும். முதுகு 5 மில்லிமீட்டர் கனம், அகலம் 17 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரின் கோணம் 17 டிகிரியை ஒட்டி அமைந்துவிடும். செய்தவர் முதுகின் கனத்தில் அந்தக் கணக்கை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். முதுகைச் சக்கரத்தில் தேய்த்தால் அந்தக் கணக்கு கெடுகிறது. கூர் வேண்டியதைவிட மெலிந்து, தாடியில் பட்டதும் பொடிந்து போகிறது. அந்தத் தம்பியின் கத்தி நீலம் ஆகாமல் இருந்திருந்தாலும் சவரத்துக்கு உதவியிருக்காது.

எனக்குத் தீட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனைச் சலூன் பெரியவர். நான் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கற்கள் வாங்கிவைத்திருந்தேன். 1000, 5000, 8000, 12000 என்று வரிசையாக. பெல்ஜியத்து மஞ்சள் கல்கூட ஒன்று. கத்தி மட்டும் இழுத்துப் பிடித்தது, கன்னம் எரிந்தது. அவரிடம் கொண்டுபோனேன். வாங்கி, கூரைக் கட்டைவிரல் சதையின்மேல் வைத்தார். அழுத்தவில்லை, நகர்த்தவில்லை, வெறுமே வைத்தார். "அடியிலே கூரே சேரலையே தம்பி, மேலே என்னத்தைத் தீட்டுறே?" என்றார். பிறகு அடைப்பத்திலிருந்து அவருடைய கல்லை எடுத்தார். உள்ளங்கை நீளம், கருப்பு, நடுவில் லேசாகக் குழிந்தது. தண்ணீரைத் தெளித்து, கத்தியை வைத்து, இரண்டு விரலால் பிடித்துத் தள்ளினார். கூருக்கு முன்னால் தண்ணீர் ஒரு மெல்லிய கோடாக உருண்டு போயிற்று. "இந்தத் தண்ணி கத்தி நெடுக ஒரே மாதிரி ஏறணும். எங்கே ஏறலையோ அங்கே கல்லு படலைன்னு அர்த்தம்." நான் செய்தபோது கை கனத்தது. என் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். "கல்லுக்கு உன் எடையைக் கொடுக்காதே. கத்தியோட எடையே போதும்."

அன்று அவர் சொன்னதைத்தான் இன்றுவரை செய்கிறேன். முதல் கல்லில்தான் முக்கால்வாசி நேரம். 1000 நம்பர் கல்லில் இருபக்கச் சாய்வும் கோடாகச் சந்திக்கும்வரை மேலே போகக்கூடாது. சந்தித்ததா என்று தெரிய, சாய்முகத்தில் மார்க்கர் மையைத் தடவி நாலு தள்ளு தள்ளிப் பாருங்கள். மை மிச்சம் இருக்கும் இடம் கல் தொடாத இடம். கூர் முன்னே போகத் தள்ளி, முனையில் முதுகின்மேல் புரட்டி, மறுபடி கூர் முன்னே வர இழுக்க வேண்டும். கூரின்மேல் ஒருநாளும் புரட்டாதீர்கள். கல் அகலம் குறைவென்றால் அடியிலிருந்து நுனிவரை குறுக்காக இழுத்துவாருங்கள். அடுத்தடுத்த கற்கள் முந்தைய கல்லின் கீறலை எடுக்க மட்டுமே. கடைசிக் கல்லில் பத்து இருபது தள்ளு, கத்தி கல்மேல் மிதக்கிற மாதிரி.

பிறகு வார். இங்கே திசை மாறும்: முதுகு முன்னே, கூர் பின்னே. மறந்து மாற்றி இழுத்தால் தோலும் அறுபடும், கூரும் போகும். முதலில் கித்தான், பிறகு தோல், ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் ஐம்பது அறுபது தடவை. வாரை இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். நல்ல தோலில் சரியான கத்தி போகும்போது ஒரு இழுவை தெரியும், ஒரு சத்தமும் வரும். சொல்லி விளக்க முடியவில்லை. ஒரு மாதம் கழித்து உங்களுக்கே கேட்கும்.

சவரத்துக்கு அவசரப்படாதீர்கள். முதல் வாரம் கன்னங்கள் மட்டும். குளித்து முடித்து, தாடி ஊறி, சோப்பு நுரை கெட்டியாக இருக்கும்போது, ஒரு கையால் காதோரம் தோலை மேலே இழுத்துப் பிடித்து, அலகை முகத்தோடு 30 டிகிரிக்கு வைத்து, மயிர் சாய்ந்திருக்கும் திசையிலேயே சிறிது சிறிதாக இறக்குங்கள். பக்கவாட்டில் ஒரு நூலளவு நகர்ந்தாலும் வெட்டும். கீழே போவதைத் தவிர வேறு அசைவே கூடாது. சரியான கூரில் மயிர் அறுபடுவது காதுக்குக் கேட்கும், உலர்ந்த வைக்கோலை மிதிப்பதுபோல. சத்தமில்லாமல் வலித்தால் கூர் போதாது; நிறுத்திவிட்டுக் கல்லுக்குப் போங்கள். மோவாயையும் மேலுதட்டையும் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கழுவி, துணியால் ஒற்றி, இடுக்கில் ஈரம் போகும்வரை திறந்தே வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஒரு இரவு மறந்தாலும் காலையில் துரு நிற்கும்.

உங்கள் கத்தி உங்களுக்கு மட்டும். அண்ணன் தம்பிக்கும் கொடுக்காதீர்கள். மஞ்சள்காமாலைக் கிருமிக்கும் எச்.ஐ.வி.க்கும் அஞ்சித்தான் நம் சலூன்கள் இந்தக் கத்தியைக் கைவிட்டு, பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்துச் சொருகும் பிடிக்கு மாறின. மாறியது சரியான காரியம். அதை யாரும் பழமை போயிற்றே என்று குறைப்பட வேண்டியதில்லை.

ஆனால் அதோடு கல்லும் வாரும் மூலைக்குப் போயின. அந்தப் பெரியவருக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. அவர் அப்பா கிராமத்தில் வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தவர். கூலி காசாக வந்ததில்லை, அறுப்புக்கு அறுப்புக் களத்தில் அளந்து போட்ட நெல்தான். எத்தனை பேருக்குச் செய்தாலும் திண்ணைக்கு மேல் ஏற விட்டதில்லை. புண்ணுக்குக் கத்தி வைத்ததும் அவர்தான், ஊரில் பிரசவம் பார்த்தது அவர் மனைவிதான். அதனாலேயே மருத்துவர் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி மதித்த வாயைவிட, 'செரைக்கப் போ' என்று வைத வாய்தான் நம்மில் அதிகம். இன்றைக்கும் அது வசையாகப் புழங்குகிறது.

தம்பிகளே, நமக்கு இது விருப்பம். பிடிக்கவில்லையென்றால் நாளைக்கே விட்டுவிடலாம். அவர்களுக்கு விடுகிற உரிமை இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இழிசொல் கேட்டுக்கொண்டே கல்லில் தண்ணீர் ஏறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களின் கையில் இருக்கும் வித்தையைத்தான் நாம் இப்போது ஆசையாகத் தேடுகிறோம். கூர் சேருவது, வார் பேசுவது, பிசிர் விழுவது என்று அவர்கள் புழங்கும் சொற்களை இதுவரை யாரும் முழுதாக எழுதிவைத்ததாக நான் பார்த்ததில்லை. அவர் கற்றுக்கொடுத்ததில் பாதியை நானும் எழுதிவைக்காமல் விட்டுவிட்டேன். இப்போது கேட்டால் அவருக்கே சில சொற்கள் வரவில்லை.

உங்கள் ஊர்ப் பழைய சலூன்களில் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சக்கரத்துக்குக் கொண்டுபோகிற கத்தியை அவர்களிடம் கொண்டுபோங்கள். நாற்காலி காலியாக இருக்கும் பிற்பகலில் போங்கள். ஐயா என்று கூப்பிட்டு, உட்கார்ந்து முடி வெட்டிக்கொண்டு, பிறகு கத்தியைக் காட்டுங்கள். தீட்டிக் கொடுத்தால் அதற்குக் கூலி, கற்றுக்கொடுத்தால் அதற்குத் தனியாக. அவர்கள் சொல்கிற சொல்லை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கல்லை மட்டும் விலைக்குக் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்